கரி பஸ்ஸுக்கு ஒரு டிபன் கேரியர்

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பது வரலட்சுமியின் வழக்கம். கல்யாண வீட்டில் சீர் வந்த குத்துவிளக்கின் பளபளப்பை ஊர்ப் பெண்களெல்லாம் மெச்சிக்கொண்டிருக்க, இவள் மட்டும் அதன் தண்டைத் திருகி, எந்த இடத்தில் மரை போட்டிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். "எங்கக்கா பொண்ணு பாக்கப் போனாலும் கவுத்துப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லும்" என்று தம்பி சிங்காரம் கேலி செய்வான். அதற்கெல்லாம் அவள் அசைகிறவள் இல்லை. யாரோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து, எடுக்கிறவளுக்குக் கை சுடக் கூடாது, ஊற்றும்போது சிந்தக் கூடாது என்று யோசித்திருக்கிறான். அந்த யோசனை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அவளுக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும்.

வீட்டுச் சாமான்களில் அவளுக்கு மிகவும் பிடித்தது பித்தளை டிபன் கேரியர். நாலு கிண்ணம். மேல் கிண்ணத்தின் அடியே கீழ்க் கிண்ணத்துக்கு மூடி. இரண்டு பக்கமும் காது, காதுகளுக்குள் ஓடும் கம்பி, உச்சியில் ஒரே ஒரு தாழ்ப்பாள். அதைத் தட்டினால் நாலும் நாலு பாத்திரம், மாட்டினால் நாலும் ஒரே பாத்திரம். சாம்பார் மோரோடு சேராது, மோர் பொரியலோடு சேராது. தினமும் மத்தியானம் அதில் சோறு கட்டி எடுத்துக்கொண்டு, மூன்று வயசுப் பெண் பத்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, திருத்தணி மலையடிவாரத்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். அவள் புருஷன் ராஜகோபால் அங்கே பஸ் டிரைவர்.

ராஜகோபாலும் அவளைப் போலவே நெசவுக் குடும்பம்தான். ஆனால் தறிக்குழியில் அவன் கால் தங்கவில்லை. பதினெட்டு வயசில் ஜம்புலிங்கம் முதலாளியின் பஸ்ஸில் ஏறியவன், பத்து வருஷமாகத் திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே ஓட்டிக்கொண்டிருக்கிறான். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பிறகு கூப்பனுக்கும் பெட்ரோல் இல்லை என்று ஆனது. ஊரில் பாதி பஸ்கள் கூரைக்கடியில் கோழி அடையப் போய்விட்டன. ஜம்புலிங்கம் மட்டும் எங்கேயோ பட்டணத்தில் சொல்லி, தன் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்.

அதைப் பார்த்து ஊர் சிரித்தது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயர இரும்புக் கொப்பரை. மேலே மூடியைத் திறந்து மூட்டை மூட்டையாக அடுப்புக்கரியைக் கொட்ட வேண்டும். அடியில் தீ. பக்கத்தில் ஒரு கைச்சக்கரம். கிளீனர் பக்தவச்சலம் இருமிக்கொண்டே கால்மணி நேரம் அதைச் சுற்றினால், கரியிலிருந்து ஒரு வாயு கிளம்பும். அது குழாய் வழியாகப் பஸ்ஸின் வயிற்றுக்கடியில் ஓடி, சூடு தணிந்து, ஏறும் படிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தகரப் பெட்டிக்குள் புகுந்து, தூசி வடிந்து, என்ஜினுக்குப் போகும். ஊர் சிரித்துக்கொண்டிருந்தபோது வரலட்சுமி பஸ்ஸை மூன்று முறை சுற்றி வந்தாள். "நாம சோறாக்கற கரியில பஸ்ஸு ஓடுது. இத்த ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சிகினு இருந்திருக்கான் பாருங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து ராஜகோபாலுக்கே அந்தப் பஸ்ஸின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

தொல்லை எல்லாம் அந்தத் தகரப் பெட்டியில்தான். வடிகட்டுவதற்காக அதில் அடைத்திருந்த தேங்காய் நார் ஒரு வருஷத்தில் கருகிப் பொடியாகிவிட்டது. வெறும் நாரை மறுபடி அடைத்தால் நைசுத் தூசி நிற்காமல் என்ஜினுக்குள் போனது. சிங்காரம்தான் ஒரு யோசனை சொன்னான். அவன் அம்மையார்குப்பத்தில் தறி போட்டிருந்தான். சேலையை அறுத்து இறக்கிய பிறகு தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முழ நீளத்துக்கு மிஞ்சும். அதை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டியில் அடைத்ததும் பஸ் ஒரு வாரம் பறந்தது. சிங்காரம் தெருவில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தான்.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. பஸ்ஸுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. சமதரையில் எப்படியோ தடவிக்கொண்டு போகும். அம்மையார்குப்பம் தாண்டிப் பாறைமேடு என்று ஓர் ஏற்றம் வரும். அங்கே வந்ததும் நின்றுவிடும். நாளாக ஆகப் பிரயாணிகளுக்கு இது பழகிப்போனது. ராஜகோபால் கியர் மாற்றும் சத்தம் கேட்டதும் யாரும் சொல்லாமலே எழுந்து இறங்குவார்கள். பெண்கள் கூடையும் குழந்தையுமாக முன்னால் நடப்பார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தோள் கொடுப்பார்கள். உச்சிக்கு வந்ததும் எல்லாரும் ஏறி, அவரவர் இடத்தில் உட்கார்ந்து, விட்ட பேச்சைத் தொடர்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ராஜகோபால் வீட்டுக்கு வந்தபோது கண்ணைத் தவிர மற்றதெல்லாம் கருப்பாக இருந்தது. கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வரலட்சுமி கேழ்வரகுக் களியை உருட்டி வைத்து, கீரைக் குழம்பை ஊற்றினாள். அவன் விரலால் களியைத் தொட்டுக்கொண்டே இருந்தான்.

"துன்னுங்க. ஆறிப் போவுது."

"வெள்ளிக்கெழம சித்தூர் ஜில்லா ஆபீஸ்லேர்ந்து ஆபீசர் வராரு."

"வரட்டுமே. இன்னாத்துக்கு?"

"கரி பஸ்ஸு ஒழுங்கா ஓடுதான்னு பாக்கறதுக்கு. முழு லோடு ஏத்திகினு பள்ளிப்பட்டு போயி திரும்பணுமாம். வழியில தள்ளக் கூடாது, பெட்ரோல் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. தள்ளினா அன்னிக்கே பஸ்ஸு ஓட்டற உத்தரவு ரத்து."

"மொதலாளி இன்னா சொல்றாரு?"

"அவரு இன்னா சொல்வாரு. ரத்தாச்சின்னா பஸ்ஸ வித்துட்டு வெத்தல மண்டியப் பாத்துகினு போயிடுவேன்னு சொல்றாரு. அவருக்கு மண்டி கீது."

பத்மா களியில் ஒரு துண்டைக் கிள்ளித் தரையில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். ராஜகோபால் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"அரக்கோணத்துல பட்டாளத்து லாரிக்கு டிரைவருங்கள எடுக்கறாங்க. வர திங்கக்கெழம வரச் சொன்னாங்க. பேரு குடுத்துட்டு வந்துட்டேன்."

வரலட்சுமியின் கையில் இருந்த கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது. அவளுடைய பெரியண்ணன் ரங்கோனுக்குப் போனவன். அங்கே குண்டு விழுந்த மாசத்துக்கு முந்தின மாசம் வந்த கடிதம்தான் கடைசி. இரண்டு வருஷமாகப் போகிறது. அம்மையார்குப்பத்தில் அவள் அம்மா இன்னும் தபால்காரன் வரும் நேரத்தில் ஒரு வேலையும் செய்வதில்லை.

"எந்தப் பக்கம் அனுப்புவாங்க?"

"அத்தயெல்லாம் கேட்டுகினு இருந்தா எடுப்பாங்களா?"

"அஸ்ஸாம் பக்கம்தான் லாரியெல்லாம் போவுதுன்னு சொன்னீங்களே அன்னிக்கு."

அவன் களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்தான்.

"தறிக்குப் போனா ஆவாதா?" என்றாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

"நூலு எங்க கெடைக்குது? ஒன் தம்பியே ரெண்டு நாளு தறியில, அஞ்சு நாளு சும்மா குந்திகினு கீறான். நானும் போயி பக்கத்துல குந்தறதா? எனக்குத் தெரிஞ்சது ஸ்டீரிங்கு ஒண்ணுதான். பஸ்ஸு இல்லன்னா லாரி."

அவனுக்கும் போக ஆசையில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே பயம் அதிகமாக இருந்தது. ஆசைப்பட்டுக் கிளம்புகிறவனை அழுது நிறுத்தலாம். வேறு வழியில்லாமல் கிளம்புகிறவனை எதைச் சொல்லி நிறுத்துவது என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் தூறலில் கேரியரை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனாள். ராஜகோபால் பஸ் படியில் உட்கார்ந்து கிண்ணங்களைக் கழற்றி வரிசையாகப் பரப்பிச் சாப்பிட ஆரம்பித்தான். பக்தவச்சலம் தகரப் பெட்டியைத் திறந்து, இரும்புக் கொக்கியால் உள்ளே இருந்த நூலைக் குடைந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயசு மனிதர். சக்கரம் சுற்றிச் சுற்றி ஒரு தோள் மட்டும் பருத்திருந்தது. நூல் இழை இழையாக வரவில்லை. ஒரே கட்டியாகப் பிய்ந்து வந்தது.

"அத்த இங்க குடுங்கண்ணா."

"வேணாம்மா, கையெல்லாம் கரியாப் பூடும்."

அவள் கேட்கவில்லை. கட்டியை வாங்கி விரலால் பிதுக்கினாள். பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மேலே புகை நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு நாற்றம், புளித்த நாற்றம், இருந்தது. மழைக்காலத்தில் பாவு காயாமல் போனால் பிறந்த வீட்டில் இரண்டு நாள் அடிக்குமே, அதே நாற்றம்.

"இது கஞ்சி" என்றாள்.

ராஜகோபால் நிமிர்ந்து பார்த்தான். "இன்னாது?"

"பாவுக்குப் போட்ட கஞ்சி. இந்த மழையில கரியும் ஈரம், வர வாயுவும் ஈரம். கஞ்சி ஊறிப் பசையா ஆயிடுது. பசையில தூசி ஒட்டுது. அப்பால மூச்சு எப்டி வரும்?"

அவன் நம்பாமல் எழுந்து வந்தான். கட்டியிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து, நெசவுக்காரன் கஞ்சிப் பதம் பார்ப்பதுபோல நாக்கில் வைத்துக் கடித்தான். உதடெல்லாம் கரி. கொஞ்ச நேரம் மென்றுவிட்டுத் துப்பினான்.

"ஆங். கஞ்சிதான்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்தவச்சலத்துக்குச் சிரிப்பு வந்தது. இதை அடைத்தவர்கள் யார்? கொடுத்தவன் நெசவுக்காரன், வாங்கியவன் நெசவுக்காரன் மகன், கூட நின்று பார்த்தவள் நெசவுக்காரன் மகள். வேறு யாராவது அடைத்திருந்தால் நூல் ஏன் இவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்றாவது கேட்டிருப்பார்கள். இவர்களுக்குப் பாவு நூல் என்றால் அது விறைப்பாகத்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

"கஞ்சிய எடுத்துட்டா சரியாப் பூடுமா?" என்றார் பக்தவச்சலம்.

"பாதி வழி போவும்" என்றான் ராஜகோபால். "முழு லோடுக்கு அம்மையார்குப்பம் போறதுக்குள்ள தூசி ரொம்பிடும். அப்பால பெட்டியத் தொறந்து, குடைஞ்சி எடுத்து, வேற அடைக்கணும். அர மணி நேரம் ஆவும். ஆபீசர் குந்திகினு பாத்துகினு இருப்பாரா?"

வரலட்சுமி படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் நாலு கிண்ணம் பரப்பியிருந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தாள். மறுபடி கிண்ணங்களைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒங்களுக்கு மோரு பத்தலன்னா நா இன்னா பண்றேன்? கேரியரையேவா மாத்தறேன்? அந்தக் கிண்ணத்த மட்டும் எடுத்துட்டு வேற கிண்ணம் வைக்கறேன்."

ராஜகோபால் வாயில் சோற்றோடு அவளையே பார்த்தான்.

"பெட்டிக்குள்ள அடைக்கறது இன்னாத்துக்கு? அடுக்கா வைக்கலாமே. அடியில ஓட்ட போட்ட தட்டு, மூணு. கீழ்த் தட்டுல நாரு, மேல ரெண்டுத்துல நூலு. நடுவுல ஒரு கம்பி, உச்சியில ஒரு கொக்கி. வாயு கீழேர்ந்து மேல வரட்டும். பெருந்தூசி நாருல நின்னுடும், நைசுத் தூசி நூலுல நிக்கும். உபரியா ரெண்டு தட்டு ரெடியா வச்சிகினா, எது அடைச்சிகிச்சோ அத்த மட்டும் மாத்திட்டுப் போவலாம்."

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் பக்தவச்சலம்.

"நீங்க ஒரு பீடி பத்தவைக்கிற நேரம்."

அன்று சாயங்கால டிரிப்பில் சிங்காரம் ஒரு சாக்கு நூலோடு வந்து இறங்கினான். ராஜகோபால் போகும்போதே அம்மையார்குப்பத்தில் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"நல்ல நூலா பாத்துக் குடுத்தேடா நீ" என்றாள் வரலட்சுமி.

"அக்கா, கஞ்சி இல்லாத நூல எவன் நூலுன்னுவான்? நீயும்தான் நின்னு பாத்துகினு இருந்த. அன்னிக்கு சொல்றதுதானே."

"சரி, பேசிகினு நிக்காத. தண்ணி சேந்து."

பெரிய அண்டாவில் துணி வெளுக்கும் உவர்மண்ணைக் கரைத்து, நூலைப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். முதல் தண்ணீர் வடிகஞ்சி மாதிரி வந்தது. சிங்காரம் அதைப் பார்த்துவிட்டு அடுத்த குடம் தண்ணீர் சேந்தப் போனான். மூன்றாவது தண்ணீர்தான் தெளிந்தது. மறுநாள் காலையில் நூலைப் பிழிந்து கொடியில் போடப் போனால் வானம் மூடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கயிறு கட்டி உலர்த்தினார்கள். புதன்கிழமை முழுவதும் காயவில்லை. வியாழக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தாலும் சில்லென்றிருந்தது. கடைசியில் வரலட்சுமி இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நூலைப் போட்டு, பொரி வறுப்பதுபோலப் புரட்டிப் புரட்டி எடுத்தாள். ஒரு பிடி தீய்ந்து போனது. மற்றதெல்லாம் பஞ்சு போல வந்தது. பத்மா அதன்மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

தட்டு செய்யும் வேலையைத் தகரக்கார எல்லப்பனிடம் சொல்லியிருந்தார்கள். எல்லப்பன் கடை மலைப்படிக்குப் போகிற தெருவில். பழைய மண்ணெண்ணெய் டின்களை வெட்டி விளக்கும் முறமும் செய்வது அவர் தொழில். முதலில் அவருக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை.

"பஸ்ஸுக்கு எதுக்குமா கேரியரு? பஸ்ஸு சோறு துன்னுமா?"

"துன்னும்ண்ணா. கரிதான் அதுக்குச் சோறு."

"அப்ப ஊறுகாய்க்கு ஒரு கிண்ணம் வேணாமா?"

கேலி பண்ணிக்கொண்டே அளவெடுத்தார். வெட்டத் தொடங்கியதும் கேலி நின்றுவிட்டது. ஆணியால் ஓட்டை போடும்போது தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து உள்ளே குத்தினார். ஏன் என்று வரலட்சுமி கேட்டாள். "உள்பக்கம் முள்ளு மாதிரி பிசிறு நிக்கும்மா. பஸ்ஸு குலுங்கறப்போ நூலு நகராம புடிச்சிக்கும்" என்றார். தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் சந்து விட்டால் வாயு நூலுக்குள் போகாமல் ஓரமாக ஓடிவிடுமே என்று அவரே கவலைப்பட்டு, பழைய டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி, ரப்பரை வார் வாராக நறுக்கி விளிம்பில் சுற்றினார். வரலட்சுமி தட்டை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். சீராக, வரிசை தப்பாமல் ஓட்டைகள். பயம், கவலை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கணம் அவளுக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி வந்தது. வரக் கூடாத நேரத்தில் வந்துவிட்டதே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீசர் வந்தார். ஒல்லியானவர், மூக்குக் கண்ணாடி, காக்கி அரைக்கால் சட்டை, கையில் குடை. பெட்ரோல் குழாயின் திருகில் நூல் சுற்றி அரக்கு வைத்து முத்திரை குத்தினார். "முப்பது பேர் இருக்காங்களா?" என்று கேட்டார். ஜம்புலிங்கம் முதலாளி எண்ணிப் பார்த்தார். கிருத்திகை இல்லாத நாள், மழை வேறு. இருபத்தெட்டுப் பேர்தான் இருந்தார்கள். வழியனுப்ப வந்த வரலட்சுமி பத்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எல்லப்பனையும் முதலாளி பிடித்து ஏற்றிவிட்டார்.

பக்தவச்சலம் சக்கரம் சுற்றினார். பஸ் கிளம்பியது. ரோட்டின் இரு பக்கமும் வயலில் தண்ணீர் நிறைந்து நின்றது. முதல் ஒரு மணி நேரம் வரலட்சுமி வயலையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. புருஷனின் பிடரியையே பார்த்துக்கொண்டு, என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மையார்குப்பத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது சத்தம் கம்மியது. ஆபீசர் தலையைத் திருப்பினார். ராஜகோபாலின் பிடரியில் வியர்வை வழிந்தது. எப்படியோ ஓட்டிக்கொண்டு வந்து அம்மையார்குப்பம் ஆலமரத்தடியில் வழக்கமான இடத்தில் நிறுத்தினான்.

இரண்டு பேர் இறங்கினார்கள், இரண்டு பேர் ஏறினார்கள். அதற்குள் பக்தவச்சலம் குதித்து, பெட்டிக் கதவைத் திறந்து, கொக்கியைத் தட்டி, மேல் தட்டு இரண்டையும் உருவிக் கீழே வைத்துவிட்டு, புதுசை வைத்து, கொக்கியை மாட்டினார். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்து சேர்வதற்குள் வேலை முடிந்திருந்தது. அவர் குனிந்து கழற்றிய தட்டைக் குடைக் காம்பால் தொட்டுப் பார்த்தார்.

"இது எங்க விக்கிறாங்க?"

"நம்ம ஏற்பாடுதான் சார்" என்றார் ஜம்புலிங்கம்.

"டிரைவர் சம்சாரத்தோட யோசனை சார்" என்றார் பக்தவச்சலம், கையைத் துடைத்துக்கொண்டே. முதலாளி அவரை முறைத்தார். பிறகு அவரும், "ஆங், அந்தப் பொண்ணுதான் சார்" என்றார்.

ஆபீசர் ஏறிக்கொண்டார். இனிமேல் பாறைமேடு. பஸ் வளைவில் திரும்பியதும் ஏற்றம் தெரிந்தது. ராஜகோபால் கியரை மாற்றினான்.

அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி கூடையை இடுப்பில் ஏற்றினாள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். பின் கதவுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர், பள்ளிப்பட்டுச் சந்தைக்குப் போகிற வெற்றிலை வியாபாரிகள், தினப்படி வழக்கம்போல இறங்கியே விட்டார்கள்.

"ஏன் எல்லாரும் எழுந்திருக்கிறாங்க?" என்றார் ஆபீசர்.

ராஜகோபால் திரும்பிப் பார்க்க முடியாது. இந்த ஏற்றத்தில் நிறுத்தினால் பிறகு தள்ளாமல் கிளம்பாது. "குந்துங்க, குந்துங்க, எவனும் எறங்காத" என்று கத்திக்கொண்டே மிதித்தான். வரலட்சுமி பத்மாவை எல்லப்பன் மடியில் போட்டுவிட்டு எழுந்து, எட்டின தோளையெல்லாம் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். பஸ் உறுமியது, கொஞ்சம் தயங்கியது. அந்தத் தயக்கத்தில் அவளுக்கு உயிரே போய்விட்டது. பிறகு ஒரே சீராக, மூச்சு வாங்காமல், ஏறியது. உட்கார்ந்தவர்கள் தாங்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று புரியாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பின்னால் இரண்டு வெற்றிலை வியாபாரிகளும், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "ஏய், எங்கள உட்டுட்டுப் போற" என்று ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

உச்சியில் பஸ் நின்றது. இரண்டு பேரும் வந்து சேர வெகு நேரம் ஆனது. மூத்தவருக்குக் கோபமாக இருந்தது.

"இன்னாபா இது, நாங்க தள்ளாமயே வந்துடிச்சி?"

ஆபீசர் அதுவரை சிரிக்காதவர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. வரலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வருகிற வழி இன்னும் பாக்கி இருந்தது.

திரும்பி வருகிற வழியில் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிப்பட்டில் புது நூல் அடைத்து வைத்திருந்த தட்டு ஒன்றை அம்மையார்குப்பத்தில் மாற்றினார்கள், அவ்வளவுதான். மூன்றரை மணிக்குத் திருத்தணி ஸ்டாண்டில் ஆபீசர் அரக்கைப் பார்த்தார். முத்திரை உடையவில்லை. முதலாளி கொண்டுவரச் சொன்ன இளநீரைக் குடித்துவிட்டு, ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் அதன் படத்தை வரைந்தார்.

"ஏம்மா, ஓட்டையெல்லாம் உள்பக்கமா குத்தியிருக்கே, அது எதுக்கு?"

"நூலு நகராம இருக்கறதுக்குங்க. அது என்னோட யோசனை இல்லீங்க. தோ நிக்கறாரே, எல்லப்பண்ணனோடது."

எல்லப்பன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆபீசர் அவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஜம்புலிங்கத்திடம் நீட்டினார். ஒரு வருஷத்துக்கு உத்தரவு. முதலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மழை விட்டிருந்தது. ராஜகோபால் பத்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வரலட்சுமி பின்னால் நடந்தாள். பஸ் ஏறிவிட்டது, உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் அரக்கோணத்தில் பேர் கொடுத்தது கொடுத்ததுதானே. கூப்பிடுவார்களா, போகாவிட்டால் தேடிக்கொண்டு வருவார்களா, அவன் மனசில்தான் என்ன இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று கேட்காமலே வந்தாள். குளத்தங்கரை வந்தது.

"திங்கக்கெழம மொத டிரிப்பு நமக்குத்தான்" என்றான், திரும்பாமலே. "காலையில ஆறு மணிக்கு. பழைய சோறு போதும், புதுசா ஒண்ணும் ஆக்காத."

வரலட்சுமி நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். நாலு அடி போன பிறகுதான் அவள் வரவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தான்.

"அரக்கோணம்?" என்றாள்.

"அங்க கையெழுத்தா போட்டேன்? பேருதானே சொன்னேன். போறவன்தான் டிரைவரு. போவாதவன எவன் கேக்கப் போறான்."

அவள் குளத்துப் படியில் ஈரத்தைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். தண்ணீர் மொண்டுகொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்மா தோளில் இருந்தபடியே அம்மாவை எட்டிப் பார்த்தாள். ராஜகோபாலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இன்னாம்மே இது, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடிச்சே. இப்பப் போயி அழுதுகினு கீற?"

"அழறேன் உடுங்க" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நாலு நாளா இதுக்கு நேரமே இல்ல."

அவன் குழந்தையை இறக்கிவிட்டுவிட்டு, அவளுக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தான்.